பேர் வெட்டியிருந்தாலும் வாங்க

மக்கள் நம் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்கு ஒரே காரணம் நாம் போதுமான சத்தத்தில் பேசாததுதான் என்று பதினோரு வருடம் நம்பியிருந்தேன். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. ஓய்வூதியம் உறுதியான பிறகுதான் ஒப்புக்கொள்கிறேன் என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

பிரதேச செயலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். படிவங்களைப் பற்றியும் சுற்றுநிருபங்களைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அவை உங்களைத் தாமாகத் தேடி வரும், வந்தால் விடவும் விடாது. ஐம்பத்தைந்து வயதில் முந்திக்கொண்டு ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். அன்று பயந்த பயம் இன்னும் புதிதாக இருக்கும்போதே அதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் வேலை அனர்த்தப் பிரிவில். மண்சரிவு அபாயம் உள்ள தோட்டங்களில் மக்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்வது, எச்சரிக்கை வந்தால் அவர்களை மேடான, உறுதியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். "சடுதியான தரைத்தோற்ற மாற்றங்கள் அவதானிக்கப்படுமிடத்து உரிய தரப்பினருக்கு உடனடியாக அறியத்தரவும்." இதை எழுதிவிட்டு இரண்டு நாள் காரியாலயத்தில் சற்று நிமிர்ந்தே நடந்தேன். தரையில் வெடிப்பு கண்டால் எங்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். பிற்பாடு எனக்கே அதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. இரண்டு வாரம் கழித்து டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வடை வாங்கினேன். வடையைச் சுற்றியிருந்தது என் பிரசுரம். கடைக்கார நானா என்னை அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷப்பட்டார்.

"சேர், உங்கட பேப்பர் நல்ல தடிப்பு. எண்ணெய் ஊறுறதே இல்ல. இன்னும் ரெண்டு கட்டு இருந்தாத் தாங்களேன்."

அந்தத் திட்டத்துக்குப் பொதுமக்களிடமிருந்து கிடைத்த ஒரே கருத்து அதுதான்.

அடுத்து முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனேன். தோட்டத்து ரோட்டில் எங்கள் பின்னால் நாய்கள் வந்தன. ஆட்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். தோட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தம் எது? ஸ்டோர் சங்கு. தேயிலைத் தொழிற்சாலையில் ஊதும் அந்தச் சங்கு மூன்று மலை தாண்டிக் கேட்கும். தோட்டத்துரையிடம் பேசினேன், அவரும் சம்மதித்தார். ஆபத்து என்றால் சங்கு மூன்று தடவை நீளமாக ஊதும், எல்லோரும் மேல் ரோட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். திட்டம் தயார்.

தோட்டம் றொசல்லைக்கு மேலே இருந்தது. பெயர் வேண்டாம். கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பத்துக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. பின்னால் செங்குத்தான மண்மேடு. அதில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. லயத்தை ஒட்டி, அதே மேட்டுக்குக் கீழே, பெரட்டுக் களம். தினமும் காலையில் சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிடுவார், இன்றைக்கு இன்ன மலையில் வேலை என்று சொல்வார், போவார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நடப்பது.

வரைபடத்தில் அந்தக் களத்துக்கு ஆபத்து என்று சிவப்பு அடித்தது நான்தான். அந்தக் களத்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சங்கை எச்சரிக்கைக்குத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இரண்டையும் ஒரே பேனையால் எழுதினேன். பேனை வேலை செய்தது.

விளக்கக் கூட்டம் வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். படங்கள் காட்டினேன். முன்வரிசையில் பாக்கியம் என்று ஒரு அம்மா. கொழுந்து எடுக்கும் பெண்களில் மூத்தவர், வெற்றிலையை மென்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதாம்மா?" என்றேன்.

"புரிஞ்சுதுங்க சேர்."

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"எல்லாருக்கும் புரிஞ்சுது."

கூட்டமே ஒரு குரலில் சொன்னது. புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பிரதேச செயலாளர் ஒரு சிங்களப் பெண்மணி. நான் பெயரை எழுதினால் தேடி வந்து திட்டுவார். மேடம் என்றே வைத்துக்கொள்வோம். புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாராவது கேள்வி கேட்டாங்களா?"

"ஒருத்தர்கூட இல்லை மேடம். அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்."

"கேள்வி கேட்காத கூட்டம்னா எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தார். அன்று அவருக்கு வயிறு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் செய்த பிழை இங்கேதான் ஆரம்பிக்கிறது. "புரிஞ்சுதா" என்று ஒரு அதிகாரி கேட்டால் நம் பக்கத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். அது மரியாதைக்குச் சொல்கிற பதில். "சங்கு ஊதினா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே என் திட்டம் செத்திருக்கும், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மழை தொடங்கி மூன்றாம் நாள். காலையில் பெரட்டுக்கு வந்தவர்களை மழை காரணமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கைக்குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தை ஒட்டியிருக்கும் பிள்ளைக் காம்பராவில் விட்டவர்கள், மழை கொஞ்சம் ஓயட்டும் என்று இன்னும் எடுத்துவரவில்லை. பெரியவர்கள் லயத்தில். பத்து மணிக்கு மாவட்டத்திலிருந்து சிவப்பு எச்சரிக்கை வந்தது. நான் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றுகொண்டு ஸ்டோருக்குப் போன் போட்டேன். சங்கை ஊதச் சொன்னேன்.

என் பதற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. கையில் கிடைத்ததையெல்லாம் அது அணிந்துகொள்ளும். அன்று செம்மஞ்சள் மேற்சட்டை, தலைக்கவசம், கழுத்தில் விசில், அதற்கு மேல் அடையாள அட்டை. மேற்சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தேன் என்பதைப் பிற்பாடு பள்ளிக்கூட அதிபர் சொன்னார். அவர் உடனே சொல்லவில்லை. பதவிக்கு மரியாதை.

சங்கு மூன்று தடவை நீளமாக ஊதியது. மலை முழுக்க எதிரொலித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐந்து நிமிடம். ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடம். ஒரு மாடு வந்தது. அது எங்கள் பட்டியலில் இல்லை.

மாரிமுத்துக் கங்காணிக்குப் போன் எடுத்தேன்.

"கங்காணி, எங்க இருக்கீங்க? ஒருத்தரையும் காணோம்!"

"பெரட்டுக் களத்துல தாங்க சேர். எல்லாரும் வந்தாச்சு. நீங்கதான் இன்னும் வரல்ல."

என் காதில் மழைச் சத்தம் நின்றுபோனது. மூன்று தடவை நீளமாக ஊதினால் என்ன, முப்பது தடவை ஊதினால் என்ன? சங்கு ஊதினால் பெரட்டு. காலையில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் மறுபடியும் கூப்பிடுகிறார்கள், அரைநாள் வேலையாவது கிடைக்கும் என்று சந்தோஷமாக வந்து நிற்கிறார்கள். லயத்திலிருந்து கிளப்பி, மண்மேட்டுக்கு நேர் கீழே கொண்டுபோய், ஒருவர் விடாமல் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். என் திட்டம் பிரமாதமாக வேலை செய்திருந்தது.

குறுக்குப் பாதையால் ஓடினேன். பாதி வழியில் கால் வழுக்கி மீதித் தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தேன். அன்று அந்தத் தோட்டத்தில் முதலில் சரிந்தது நான்தான்.

களத்தில் எல்லோரும் படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்றார்கள். முதுகெல்லாம் சேறோடு நான் போய் நின்றதும் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"என்னாங்க சேர், உங்களுக்கும் இன்னைக்கு மலையிலயா வேல?" என்றார் பாக்கியம். "முழுப்பேரா, அரைப்பேரா? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஒரு நாள் சம்பளமா, அரை நாள் சம்பளமா என்பது கேள்வி. நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது என் துண்டுப்பிரசுரம். "அனர்த்த முன்னெச்சரிக்கை நிலையின் பிரகாரம்..." மழைக்கு மேலாகக் கத்தினேன். பின்வரிசையில் ஒருவர், "என்னா சொல்றாரு?" என்றார். பக்கத்தில் நின்றவர், "பேரு இல்லையாம்" என்றார். ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். சிலர் லயத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். அவர்கள் தலைக்கு மேலே வெடிப்பு. அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. காலையில் நான் பார்த்தபோது அது வடியவில்லை.

விசிலை வாயில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பதினோரு வருட நம்பிக்கை அந்த நொடியில்தான் போனது. இவர்களுக்குக் காது கேட்கிறது. நான் ஊதியதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லி வந்து நிற்கிறார்கள். இனி ஊத எதுவும் இல்லை.

மாரிமுத்துவின் காதில் சொன்னேன். "கங்காணி, பேர் கூப்பிடுங்க. எல்லாருக்கும் இன்னைக்கு வேலை பள்ளிக்கூடத்துல. மேல அனுப்புங்க. விளக்கமெல்லாம் அங்க போய்ச் சொல்லிக்கலாம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். மண்மேட்டை ஒரு தடவை பார்த்தார். புத்தகத்தை விரித்து, படங்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, பேர் கூப்பிட்டார். "எல்லாம் பள்ளிக்கூடத்து மலை! வரிசையா!" அவ்வளவுதான். என் இருபத்தைந்து நிமிடக் கூட்டம் செய்யாததை அந்தக் குரல் செய்தது. கீழ் லயத்தைக் கடந்து, படிகளில் ஏறி, பாதுகாப்பான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கால் மணித்தியாலத்தில் எல்லோரும் மேலே. புத்தகத்தில் இருந்த பேர் அத்தனையும் சரி.

மேடத்துக்குப் போன் செய்தேன். "ஒக்கோம ஆவா, மேடம்" என்றேன் சிங்களத்தில். எல்லோரும் வந்துவிட்டார்கள். குரலில் சற்று மிதப்பு இருந்திருக்கும். அவர் மாவட்டத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார்.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை சாதாரணமாக. "பின்னால இருக்கிற மண்மேடு இறங்கப் பார்க்குது. அதனாலதான் கூட்டிக்கிட்டு வந்தேன். இன்னைக்கு யாரும் கீழ போகக் கூடாது."

பாக்கியம் எழுந்து நின்றார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"அப்போ கமலா?"

"எந்தக் கமலா?"

"கடைசிக் காம்பரா கமலா. புள்ள பெத்து இருபது நாளு. உள்ள படுத்திருக்கா."

கங்காணியின் புத்தகத்திலிருந்த பட்டியலைப் பார்த்தேன். "அப்படி ஒரு பேரே இல்லையேம்மா."

"பிரசவ லீவுல இருக்கிறவ பேர எப்புடிங்க பெரட்டுல கூப்புடுவாங்க? அவளுக்குப் பக்கத்துக் காம்பரா ராமையா. பென்சன் வாங்கிப் பன்னெண்டு வருஷமாச்சு. பேரு வெட்டியாச்சு. அவரையும் கூப்புட மாட்டாங்க." பிறகு சொன்னார். அதை நான் மறக்கவில்லை. "அந்தக் கதவத் தாண்டித்தானே சேர் வந்தோம். கீழயே சொல்லியிருந்தீங்கன்னா கையோட கூட்டிக்கிட்டு வந்திருப்போமே!"

ஆட்களை நகர்த்துவதற்காக விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். அது வேகமாக வேலை செய்தது. காரணம் தெரியாத ஆள், தன் பேர் கூப்பிடப்பட்டால் தான் மட்டும்தான் வருவான். காரணம் தெரிந்திருந்தால் வழியில் கதவைத் தட்டியிருப்பான்.

இப்போது இரண்டு வேலை இருந்தன. கீழே ஓட வேண்டும். நான் கொடுத்த அறிக்கை பொய் என்று மேடத்திடம் சொல்லவும் வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு, மூன்று பேரையும் கொண்டுவந்த பிறகு இரண்டாவது தேவையே இல்லை என்று மனம் சொன்னது. மிகவும் நியாயமாகச் சொன்னது. பயந்தவன் மனதுக்கு நியாயம் நன்றாக வரும். ஆனால் கீழே போன நானும் திரும்பி வராவிட்டால்? எல்லோரும் பத்திரம் என்று எழுதி வைத்திருக்கும் இடத்துக்கு யார் தேடி வருவார்கள்?

நடந்துகொண்டே போன் செய்தேன். "மேடம், நான் சொன்னது பிழை. கைக்குழந்தையோடு மூன்று பேர் கீழே இருக்கிறார்கள். நான் பார்த்தது வேலைப் பட்டியல், ஆட்களின் பட்டியல் இல்லை."

திட்டுவார் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"சரி. நான் திருத்தி அனுப்புறேன். பதினைந்து நிமிஷத்துல நீங்க பேசாட்டி உதவிக்கு ஆள் அனுப்புவேன்" என்றார். அவ்வளவுதான். பிழையை எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கற்கவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தில் கற்றேன்.

மாரிமுத்துவும் பாக்கியமும் என்னோடு வந்தார்கள். வேண்டாம் என்றேன். "உங்களுக்கு எது எந்தக் காம்பரான்னு தெரியுமா?" என்றார் பாக்கியம். தெரியாது.

கமலா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சங்கு கேட்டுச்சு அக்கா. நான்தான் லீவுல இருக்கேனே" என்றாள். பாக்கியம் வாதாடவில்லை. பிள்ளையைத் தூக்கிப் படங்குக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். பிள்ளை போன பக்கம் தாயும் போனாள்.

ராமையா கதவருகில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாங்க, மேல போவோம்."

"எனக்கென்னாங்க பெரட்டு? எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே சங்குக்கு எந்திரிக்க மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்."

"மண் சரியப் போகுதுங்க."

"நான் பொறந்ததுல இருந்து அந்த மேடு அங்கதான் இருக்கு. அதுக்கு முன்னாடி நான் போயிருவேன், கவலப்படாதீங்க." தேத்தண்ணியை ஆற அமர உறிஞ்சினார். நான் மேட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். "ஒரு வாய் குடிக்கிறீங்களா சேர்?" என்றார்.

நான் மாரிமுத்துவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தை எடுத்தார். விரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடைசிப் பேருக்குக் கீழே எழுதினார்.

"ராமையா!" என்று கூப்பிட்டார், பெரட்டுக் களத்துக் குரலில்.

கிழவர் எழுந்து நின்றுவிட்டார். வாய் தானாகவே, "இருக்கேன்" என்றது.

"பள்ளிக்கூடத்து மலை."

"மாரிமுத்து, நீ பெரிய ஆளுடா" என்றார் ராமையா. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பதினான்காவது நிமிடத்தில் மேடத்தோடு பேசினேன்.

அன்று இரவுக்கு முன்பே தோட்டத்துரையைப் பார்த்து, மழை எச்சரிக்கை முடியும்வரை கீழ் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்திலேயே தங்கவைக்கவும், பெரட்டை அதன் முற்றத்தில் வைக்கவும் சம்மதம் வாங்கினோம். அவருக்கு விருப்பமில்லை. எனக்கும் அவரோடு பேச விருப்பமில்லை. மேடம் பேசினார்.

சங்குத் திட்டத்தை நானே கைவிட்டேன். எந்தச் சத்தம் வைக்கலாம் என்று இந்தத் தடவை அவர்களிடம் கேட்டேன். பாக்கியம் யோசிக்கவேயில்லை. "ஸ்கூல் மணிய நேரங்கெட்ட நேரத்துல விடாம அடிங்க. எந்தத் தாய் தகப்பன் வீட்ல குந்திக்கிட்டு இருப்பான்?" எங்கே ஓட வேண்டும் என்று அந்த மணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு அவரும் இன்னும் இரண்டு பெண்களும் ஒவ்வொரு காம்பராவாகச் சொல்லச் சொல்ல, புதிதாக ஒரு பட்டியல் எழுதினேன். பென்சன்காரர், பிரசவ லீவு, கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தவர், கண் தெரியாதவர். எந்தக் கதவை யார் தட்டுவது என்பதும் அதில் இருந்தது. முடிந்ததும், "மணி அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஏழு பேர் ஏழு கேள்வி கேட்டார்கள். மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

துண்டுப்பிரசுரத்தையும் திருப்பி எழுதினோம். பாக்கியம் சொன்னபடியே, அரைப் பக்கம்: "ஸ்கூல் மணி விடாம அடிச்சா மேல வாங்க. பக்கத்துக் கதவத் தட்டிட்டு வாங்க. பேரு இருந்தாலும் வாங்க, வெட்டியிருந்தாலும் வாங்க." மொழி தரமாக இல்லை என்று மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாள் சிறிதாகிவிட்டது, வடை அடங்கவில்லை என்று கடைக்கார நானாவும் குறைப்பட்டார். மற்றபடி முறைப்பாடு இல்லை.

மண் சரிந்ததா என்று கேட்பீர்கள். அன்று சரியவில்லை. மறுநாளும் சரியவில்லை. நான் ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டியதாகச் சிலர் பேசத் தொடங்கினார்கள், எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை பெரட்டு பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. மாரிமுத்து கடைசியாக ராமையாவின் பேரைக் கூப்பிட்டார். அவர் "இருக்கேன்" என்றார். எல்லோரும் மலைக்குப் போனார்கள். அவர் மட்டும் பிள்ளைக் காம்பரா வாசலில், உள்ளே தங்கியிருந்த கமலாவுக்கும் பிள்ளைக்கும் காவல் இருந்தார்.

மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, மேடு இறங்கியது. பெரட்டுக் களமும் கீழ் லயத்தின் கடைசி மூன்று காம்பராக்களும் மண்ணுக்குள் போயின. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.